மாமா திரும்பிட்டாரு

ஒரு விஷயத்தைப் பற்றி நிறையப் படித்தவனை, அதைச் செய்ய மட்டும் விடக் கூடாது. நீச்சலின் வரலாறு தெரிந்தவன் கிணற்றுப் பக்கம் போகாமல் இருப்பதே ஊருக்கு நல்லது. என் அக்கா மகள் கயல்விழியின் கல்யாண வரவேற்பில் இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டேன். மண்டபமும் சேர்ந்து கற்றுக்கொண்டது.

கயலுக்கு டெக்சாஸில் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, "உங்க பக்கம் சாப்புடத்தான் வருவாங்களா, ஆடல்லாம் வராதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். கயலுக்குச் சுருக்கென்றது. வரவேற்பில் நம் சொந்தக்காரர்கள் மட்டும் வரிசையாக நின்று அமெரிக்க லைன் டான்ஸ் ஆடியே தீருவது என்று முடிவெடுத்து, எல்லாருக்கும் வீடியோ அனுப்பினாள்.

"மாமா, தாய்மாமன் நீங்க வந்தாதான் மத்தவங்களும் வருவாங்க. என் மானம் உங்க கையிலதான் இருக்குது."

"காலுலன்னு சொல்லுடி" என்றாள் என் மனைவி வசந்தா.

நான் வீடியோவைப் பார்க்கவில்லை; ஆட்டத்தைப் பற்றிப் படித்தேன். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸ், எதிரெதிர் வரிசையில் ஆடும் கான்ட்ரா, ஜோடியே தேவையில்லாத லைன் டான்ஸ். எது எந்த ஆண்டில் பரவியது என்று தெரியாமல் காலைத் தூக்க எனக்கு மனம் வராது. (இது வியாதி, மருந்து இல்லை.)

"ஆடத் தெரியுமான்னு கேட்டா, அது பொறந்த வருஷத்தச் சொல்றாரு" என்று வசந்தா கயலிடம் போனில் புகார் சொன்னாள்.

எனக்குப் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை இருக்கிறது. சூளையிலிருந்து எடுத்த யானைகளைப் பலகையில் வரிசை வரிசையாக நிறுத்தி ஆராய்ந்தேன். உண்மை பளிச்சென்று தெரிந்தது: கடைசி வரிசையில் நிற்பவன் எதையும் கற்க வேண்டியதில்லை. முன்னால் இருப்பவரைப் பார்த்து ஆடினால் போதும். பரீட்சையில்கூட எனக்கு இப்படி ஓர் இடம் வாய்த்ததில்லை.

பீங்கான் யானைகள் திரும்பாது என்பதைத்தான் கவனிக்காமல் விட்டேன்.

வரவேற்பில் பாட்டு தொடங்கியது. எனக்கு முன்னால் பெண்ணாடம் சித்தப்பா. அவருடைய குதிகால்தான் என் பாடப்புத்தகம். அது வலது போனால் நானும் வலது; தட்டினால் நானும் தட்டினேன். மேடையிலிருந்து கயல் பெருமையாகக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன். அந்த நொடியில் எல்லாரும் அப்படியே பின்பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

குதிகாலைக் காணோம். கடைசி வரிசை முதல் வரிசையாகியிருந்தது. என் எதிரே திறந்து கிடந்த சாப்பாட்டுக் கூடத்தின் கதவு மட்டும்.

"மாமா, ஆடுங்க!" என்று கயல் கத்தினாள். ஓர் அடி முன்னால் வைத்தேன். அடுத்தது தெரியாததால் இன்னோர் அடி. பின்னாலிருந்தவர்களும் முன்னால் நிற்பவரைப் பார்த்தே ஆடியவர்கள் போலிருக்கிறது. தாய்மாமன் போகிற வழியே ஆட்டம் என்று நம்பி மொத்த வரிசையும் என் பின்னால் வந்தது.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறவரின் நாற்காலியைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? பின்னால் போய் நின்று பிடித்துக்கொண்டேன். சித்தப்பா அடுத்த நாற்காலியைப் பிடித்தார். கண்மூடித் திறப்பதற்குள் எங்கள் சொந்தம் முழுவதும் ஆளுக்கொரு நாற்காலியின் பின்னால், அன்றைக்கு முதல்முறையாக ஒரே மாதிரி நின்றது.

என் நாற்காலியில் இருந்தவர் ரசச் சாதத்துடன் நிமிர்ந்தார். சர்க்கரை மாத்திரைக்காக முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா.

"மோர் மட்டுந்தான் பாக்கிங்க. அதுக்குள்ள இடம் புடிக்கணுமா?"

பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கயலின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த சம்பந்தியம்மா, விக்கலும் சிரிப்புமாக எழுந்து வந்து இடது கையால் அவள் தோளைத் தட்டினார். "அழுவாதம்மா. இந்த டான்ஸுதான் எனக்குத் தோது. நான் அடுத்த வரிசையில நிக்கிறேன்."

கயல் என்னுடன் பேச ரொம்ப நாளாயிற்று. ஆனால் இன்றுவரை இரண்டு குடும்பத்திலும் யாரும் "சாப்புட வாங்க" என்று சொல்வதில்லை. "மாமா திரும்பிட்டாரு" என்றால் போதும், டெக்சாஸிலும் தட்டு எடுத்து வைக்கிறார்கள்.

போன மாதம் கம்மாபுரத்தில் ஒரு காதுகுத்து. முன்பின் தெரியாத சமையல்காரர் கரண்டியோடு வந்து என் முன்னால் பணிவாக நின்றார்.

"ஐயா, இலை போட்டாச்சு. கொஞ்சம் திரும்புறீங்களா?"