ஏலத்தின் மானம் காத்த செல்லதுரை

ஏலம் என்ற புனிதமான ஏற்பாட்டின் மானத்தைக் காக்க இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் குடவாசல் பக்கத்தில் கொஞ்சம் நிலமும் பெரிய டிவியும் வைத்திருக்கும் செல்லதுரை. இதை அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் 'பூட்டைத் திற, புதையலை எடு' பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பூட்டிய அறையை நாலு பேர் ஏலம் கேட்பார்கள். எடுத்தவர் திறந்தால் வெள்ளிக் கூஜாவோ பழங்காலக் கடிகாரமோ தவறாமல் காத்திருக்கும்.

"எல்லாம் செட்டப்பு!" என்று செல்லதுரை தொடையைத் தட்டுவார். "யாரு கேக்குறது, யாரு விடுறதுன்னு முன்னாடியே பேசி வச்சிருக்கானுங்க. ஜனங்க என்ன கேணையனுங்களா?"

சேனலுக்கு ஏழு புகார் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் 'உண்மை ஏலம் மீட்புக் குழு' தொடங்கி, ஏகமனதாகத் தன்னையே தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் ஊர்ப் பெரியகுளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலம் வந்தது. பத்து வருஷமாகக் குளம் மீன் குத்தகைக்காரர் புகழேந்திக்குத்தான். யார் எதுவரை கேட்பது என்று முதல் நாளே டீக்கடையில் 'ஜனநாயக முறைப்படி' தீர்மானமாகிவிடும். செல்லதுரையின் டெபாசிட்டையும் புகழேந்தியே கட்டிவிடுவார். செல்லதுரை ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். ஏலமென்றால் போட்டி வேண்டுமல்லவா? சட்டத்துக்கு அவர் செய்யும் தொண்டு அது. வலை போடும் நாளில் வீடு தேடி வரும் விரால் மீன் வெறும் அன்பளிப்பு.

ஏலத்தன்று காலை மனைவி பொன்னுத்தாய் வாசலில் மறித்தாள்.

"ஏங்க, எங்க மகளிர் குழுவுல பன்னெண்டு பேரும் பணத்தோட இருக்கோம். டெபாசிட் கட்டப் போனா தேதி முடிஞ்சிட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க பேருலதான் டெபாசிட் இருக்கே, எங்களுக்காகக் கூட ஒரே ஒரு தடவை கேளுங்க. குளம் கெடைச்சா நடவு இல்லாத மாசமும் எங்களுக்கு அடுப்பு எரியும்."

"பாக்கலாம், பாக்கலாம்."

பஞ்சாயத்து அலுவலக வாசலில் பன்னிரண்டு பெண்களும் பின்வரிசையில் நின்றார்கள்.

"எண்பதாயிரம்," என்றார் புகழேந்தி.

"எண்பத்தொண்ணு!" செல்லதுரையின் குரல் கணீரென்று இருந்தது.

"எண்பத்திரெண்டு."

"எண்பத்திரெண்டு, ஒரு தரம்," என்றார் ஏலம் விட வந்த அலுவலர்.

பொன்னுத்தாய் கணவரையே பார்த்தாள்.

"ரெண்டு தரம்."

"கேளுங்களேன்!" வாய்விட்டே கத்திவிட்டாள்.

"டெபாசிட் கட்டாதவங்க பேசப்படாதும்மா," என்று அலுவலர் ஏலத்தின் தூய்மையைக் காப்பாற்றினார்.

செல்லதுரை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்பதும் விவசாயிக்கு முக்கியம்தானே.

"மூணு தரம்!"

பெண்கள் கலைந்தார்கள். செல்லதுரைக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் கனத்தது. டீ வந்ததும் சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் தாடிக்காரர் ஒருவர் மும்முரமாகக் கேட்டுக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார்.

"பாத்தியா!" செல்லதுரை துள்ளினார். "நடிப்பு! மூஞ்சிலயே தெரியுது பாரு!"

பொன்னுத்தாய் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"அந்த ஆளாவது விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ எச்சில் முழுங்கினாரு. பின்னாடி பன்னெண்டு பேரு நின்னோம், நீங்க அதுகூடச் செய்யல."