மன்னூபியாவின் கடைசி ஜாடி

மார்சேயில் இருக்கும் மச்சான் ஷத்லிக்கு, நாபுலிலிருந்து உன் அக்கா புருஷன் துஹாமி சொல்லச் சொல்ல, மகள் ராதியா எழுதுவது. உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் குறையில்லாத சுகத்தைத் தரட்டும். எங்கள் சுகத்தைக் கேட்காதே.

உன் அக்கா மன்னூபியா போன பிறகு அவள் கையால் இடித்த ஹரீஸாவில் மிஞ்சியது ஒரே ஜாடி. வீட்டு வெக்கையில் மிளகாய் விழுது கெட்டுப்போகும் என்று, நான் லேபிள் ஒட்டுகிற ஹரீஸாக் கம்பெனிக் கிடங்கிலேயே ஒரு மூலையில் வைத்திருந்தேன். மத்தியானம் ரொட்டியில் ஒரு துளி தொட்டுக்கொள்வேன், மேலே எண்ணெய் விட்டு மூடுவேன், "இந்த ருசி உங்க கம்பெனிச் சரக்குக்கு கியாமத் நாள் வரைக்கும் வராதுடா" என்று பக்கத்தில் இருக்கிறவனை ஏசுவேன். அது பொறுக்காமல் வந்து சேர்ந்தான் முன்ஜி என்று ஒரு புது அதிகாரி. என்ன சரக்கு, என்றைக்குச் செய்தது, என்றைக்குக் கெடும் என்று லேபிள் ஒட்டாத ஜாடி எதுவும் கிடங்கில் இருக்கக் கூடாதாம், வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவானாம். என் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, "பெரியவரே, இது யாரு செஞ்சது?" என்றான். "என் பொஞ்சாதி." "எப்ப கெடும்?" "அவ செஞ்சது கெடாது தம்பி, அவதான் போயிட்டா." "லேபிள் இல்லையே. சாயங்காலம் கொட்டிருவேன், கோவிச்சுக்காதீங்க" என்றான்.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது ஒட்டுவது ஒன்றுதான். அவன் அந்தப் பக்கம் போனதும் கம்பெனி லேபிளையே எடுத்துக் கோணாமல் ஒட்டிவிட்டேன். ஜாடியும் கம்பெனி ஜாடிதான், உன் அக்கா நான் கொண்டுபோகும் காலி ஜாடியில்தானே அடைப்பாள். குறைந்திருந்ததையும் லேபிள் மறைத்துவிட்டது. அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், ஜாடியைக் காணோம்! "லேபிள் சரியா இருந்துச்சு, தனியா கிடக்கேன்னு மார்சே லாரியில ஏத்திட்டேன்" என்று என் தோளில் தட்டுகிறான் முன்ஜி. பாராட்டுகிறானாம், பாவி!

மச்சான், அங்கே நம்மவர் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கு. வெளியே பார்த்தால் தெரியாது, நான் ஒட்டினது அப்படி. ஒவ்வொன்றாகத் திறந்து நாக்கில் வை, உன் அக்கா கை உனக்குத் தெரியாதா? கடைக்காரன் அடித்தால் வாங்கிக்கொள். அந்த ஜாடியும் போனால் அவள் இரண்டாவது தடவை போன மாதிரி.

உன் வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும்.

பின்குறிப்பு: ராதியா பேனாவை வைத்துவிட்டு அழுகிறாள், இதை என் கோணல் எழுத்தில் நானே எழுதுகிறேன். நோன்பு மாதம் மத்தியானச் சாப்பாடு இல்லையே என்று ஜாடியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன், அப்போதே அம்மா செய்தது தீர்ந்துவிட்டதாம். நான் உடைந்துபோவேன் என்று கம்பெனி ஹரீஸாவையே அதில் அடைத்துக் கொடுத்தாளாம். பெருநாளிலிருந்து நான் தொட்டுத் தொட்டுக் கண்கலங்கியது அதைத்தான். ஆக, லேபிள் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நீ அலையாதே. இங்கே கிடங்கு முழுக்க அதே ருசிதான் அடுக்கியிருக்கிறது. நாளை மத்தியானம் ரொட்டியை எதில் தொடுவது என்றுதான் தெரியவில்லை.