மைக் சார் சிரிக்காத ஏழு நாள்

டாக்டர் இரண்டு வழி சொன்னார். மைக் சார் காதில் ஒன்றுதான் விழுந்தது.

"சின்ன ஹெர்னியாதான் சார். ஆபரேஷன் பண்ணிக்கலாம். தொந்தரவு இல்லேன்னா கொஞ்ச நாள் பொறுத்தும் பார்க்கலாம். திடீர்னு வலி எடுத்து, வீக்கம் உள்ள போகாம கெட்டியா நின்னுச்சுன்னா மட்டும் உடனே ஓடி வந்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் மைக் சார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்று தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

"பொறுத்துப் பார்ப்பது என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டிருக்கிறது."

"ஏகமனதுன்னா யார் யாரு?" என்று கேட்டாள் மனைவி.

"நான்தான்."

மைக் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவர் புகார்ப் பிரிவின் தலைமை எழுத்தர். ஆனால் அவர் புகழ் புகாரால் வந்ததல்ல. அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடிப்பவர் அவர்தான். பிடித்தால் விடமாட்டார். ஜோக்காகக் கொட்டுவார். அடுத்தவர் ஜோக்குக்கு மட்டும் சிரிக்க மாட்டார். மேடையில் பேசுகிறவன் கீழே உட்கார்ந்து பல்லைக் காட்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மனைவி சொன்ன எதற்கும் அவர் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை.

மனைவி ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் இருபது வருஷமாக டோக்கன் கொடுக்கிறாள். பயந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பேசிப் பிடித்து உட்கார வைப்பதும் அவள் பொறுப்புதான். என்ன பேசுவாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

உள்விஷயம் வேறு. கத்தி என்றால் மைக் சாருக்குப் பயம். சமையலறையில் நறுக்குகிற சத்தம் கேட்டால் வாசல்பக்கம் நகர்ந்து உட்காருகிற ஆசாமி அவர். மயக்க மருந்து என்றால் இன்னும் பயம். பேச்சு மூச்சில்லாமல் கிடப்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அதிலும் மூச்சு போனால்கூடப் பரவாயில்லை, பேச்சு போய்விட்டால்?

"சரி, எப்பெப்ப வெளியே வருதுன்னு டாக்டர் கேட்டாரே, என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"இருமினா வரும். நான் இருமறதில்லை. கனம் தூக்கினா வரும்."

"அது சரி. இந்த வீட்டுல நீங்க காபி டம்ளருக்கு மேல எதையும் தூக்கினதில்லை."

"சிரிச்சா வரும். அதுக்கும் வழியில்லை. இந்த வீட்டுல தமாஷாப் பேசற ஒரே ஆள் நான். என் ஜோக்குக்கு நானே சிரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

மனைவி துடைத்துக்கொண்டிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்படியா? ஒரு வாரம். நீங்க சிரிச்சு, உங்க கை மூணு தடவை அந்த வீக்கத்தைப் பிடிக்கப் போச்சுன்னா ஆபரேஷன். போகலேன்னா நான் ஆபரேஷன்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"ஒரு வாரம் என்ன, ஒரு வருஷம் வை!" என்றார் மைக் சார். அன்று அவர் நடையே வேறாக இருந்தது. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரை நடுவராகவும் நியமித்துவிட்டு வந்தார்.

முதல் நாள் மனைவி வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பயந்துவிட்டாள் என்று மைக் சார் மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. வாத்தியார் பேப்பர் வாங்க வந்திருந்தார். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு மாசமாகச் சொட்டுகிறது. மனைவி ஒரு கரண்டியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ, குடிநீர் வாரியமா? எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது சார்."

பிறகு மூக்கைத் தூக்கினாள். தொண்டையை இரண்டு தடவை செருமினாள். அச்சு அசலாக மைக் சாரின் குரல் வந்தது.

"அம்மா, பதற்றம் வேண்டாம். தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது."

"சார், இன்னொரு இடத்துலயும் புடைச்சுட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு, இடுப்புக்குக் கீழ."

"அம்மா, அது எங்க எல்லையில வராது. மீட்டருக்கு உள்பக்கம் எது ஒழுகினாலும் நுகர்வோர் பொறுப்பு!"

வாத்தியார் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். மைக் சார் உதட்டைக் கடித்தார். கன்னம் இரண்டும் உப்பின. கடைசியில் மூக்கு வழியாக ஒரு சத்தம் கிளம்பியது. கை தன்னால் வலது தொடை இடுக்குக்குப் போய்விட்டது.

"ஒண்ணு" என்றார் வாத்தியார், பேப்பருக்குள்ளிருந்து.

"அது சிரிப்பில்லை. தும்மல்."

"தும்மினாலும் கை போச்சே சார்."

இனி அவளைப் பேச விட்டால் ஆபத்து என்று மைக் சாருக்குப் புரிந்துவிட்டது. நாலாம் நாள் தானே தாக்குதலில் இறங்கினார். வாத்தியாரை உட்கார வைத்து, அலுவலகத்தில் பேர் வாங்கிய தன் ஜோக்குகளை வரிசையாக எடுத்து விட்டார். முக்கால் மணி நேரம். மனைவி கன்னத்தில் கை வைத்துக் கவனமாகக் கேட்டாள்.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது. எப்படி?"

"நல்லா இருந்துச்சு. எந்த இடத்துல சிரிக்கணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் டோக்கன் போட்டுத் தரேன், வாத்தியார் வரிசையில நின்னு சிரிச்சுட்டுப் போவார்."

வாத்தியார் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. இருபது வருஷம் பின்னம் கற்றுக்கொடுத்த மனுஷர் தரையில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் அடக்க முடியும்? மைக் சாருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கையும் போனது.

"ரெண்டு" என்றார் வாத்தியார் தரையிலிருந்து.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் மைக் சார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடினார். மனைவி உதடு அசைந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனதுக்குள் சோகமான விஷயங்களாக நினைத்தார். நின்றுபோன பதவி உயர்வு, மழையில் நனைந்த கோப்பு, விழா நடுவில் ஒருமுறை கரண்ட் போய் மைக் இறந்த அந்தப் பத்து நிமிஷம். கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஏழாம் நாள் விடிந்தபோது அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இன்று சாயங்காலம் வரை தாங்கினால் வெற்றி. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை.

சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றார். கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து. புகார்ப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்த கண் அல்லவா? மனு என்று தெரிந்தால் படிக்காமல் இருக்க முடியாது.

"மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் உடலின் வலப்பக்கத்தில் தற்காலிகப் பணியில் இருக்கும் வீக்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் சிரித்தால் நான் வெளியே வர வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட வேலை. தங்கள் வீட்டில் தமாஷாகப் பேசுகிறவர் தாங்கள் ஒருவர்தான் என்பதால் எனக்கு இங்கே வேலையே இல்லை. வெட்டியாகச் சம்பளம் வாங்க மனசாட்சி இடம் தரவில்லை. ஆகவே எனக்கு விருப்ப ஓய்வு அளித்து அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பின்குறிப்பு: என் பிரிவுபசார விழாவில் மைக் சார் பேச மாட்டார் என்று எழுத்து மூலம் உறுதி தரவும்."

பின்குறிப்பில் உடைந்தார் மைக் சார். முகத்தில் சோப்பு நுரையோடு சுவரில் சாய்ந்து, இருபத்தாறு வருஷச் சிரிப்பை மொத்தமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கை அங்கேயே இருந்தது. அப்புறம் சுருக்கென்று ஒரு வலி வந்தது. சிரிப்பு நின்றது.

மனைவி ஓடி வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"வலிக்குதா? படுங்க. முதல்ல படுங்க."

படுத்ததும் அது உள்ளே போனது. வலியும் போனது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் முகத்து நுரையைத் துண்டால் துடைத்தாள்.

"எனக்கு வேற எதுவும் பயமில்லைங்க. நீங்க மேடையில பேசிட்டு இருக்கும்போது இது கெட்டியா நின்னுடுச்சுன்னா? நீங்க வலியில கத்தினாலும் ஜோக்குன்னு நினைச்சுக் கை தட்டிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேனே."

அவளுக்குப் பயம் இருக்கும் என்று மைக் சார் யோசித்ததே இல்லை. துண்டோடு இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கூடவே சிரிப்பும் வந்தது. 'கை தட்டிட்டு' என்று சொன்னாளே, அதற்கு.

"மூணு" என்றார் அவரே. "டாக்டருக்குப் போன் பண்ணு."

அப்படிப் பணிந்துவிட்டார் என்று நினைத்தால் மைக் சாரைத் தெரியாதவர்கள் நீங்கள். மறுநாளே அலுவலகம் முழுக்க ஒரு செய்தி பரவியது. பரப்பியவர் அவரேதான்.

"இருபத்தாறு வருஷமா யாருக்கும் தெரியலை. எங்க வீட்டம்மாவுக்கு என்ன நகைச்சுவை தெரியுமா! கண்டுபிடிச்சது யாரு? நான்! என்கூட இருந்து இருந்து வந்ததுதான். வேற எங்க கத்துக்கிட்டிருப்பா?"

ஆபரேஷன் நாளன்றும் அந்தப் பெருமை குறையவில்லை. பச்சை அங்கி மாட்டி, சக்கரக் கட்டிலில் படுத்துக்கொண்டு மந்திரி மாதிரிக் கையசைத்தபடி போனார். மனைவி கதவு வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மயக்க மருந்து டாக்டர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா! பல் கிளினிக் அம்மாதானே நீங்க? என்னை ஞாபகம் இருக்கா? கடைவாய்ப் பல்!"

அவள் சிரித்து, தலையாட்டிவிட்டு, வெளியே போய்விட்டாள்.

கதவு மூடியதும் மயக்க மருந்து டாக்டர் நர்ஸிடம் சொன்னார். "இந்தம்மா சொல்ற கதைக்காகவே பல் வலி வரலாம் சிஸ்டர். ஒரு வீட்டுக்காரர். மைக்கைப் பிடிச்சா விடமாட்டார். ஒரு விழாவுல ஓய்வு பெறுகிறவரே தூங்கிட்டாராம்!"

"எனக்குச் சொன்னது வேற கதை. குழாய் ஆபீஸ்ல வேலை, வீட்டுக் குழாய் நாலு மாசமா ஒழுகுதாம்" என்றாள் நர்ஸ்.

கத்தி பிடிக்கும் டாக்டர் கையுறையை மாட்டியபடி கேஸ் காகிதத்தைப் பார்த்தார். உத்தியோகம் என்ற இடத்தில் கண் நின்றது. முகமூடிகளுக்கு மேலே மூன்று ஜோடிக் கண்கள் மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பின.

"சார்... அந்த வீட்டுக்காரர் நீங்கதானா?"

மைக் சாருக்கு ஒரு நொடி வெட்கம். மறுநொடி பெருமை தாங்கவில்லை. இருபது வருஷமாக ஊரே சிரித்திருக்கிறது, தன்னை வைத்து! தலைக்கு மேலே விளக்கு மேடை விளக்குப் போலப் பளிச்சென்று எரிந்தது. தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

"நான்தான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க டாக்டர். எந்தக் கதைக்கு ஜாஸ்தி சிரிச்சீங்க?"

மயக்க மருந்து டாக்டர் அவர் வாயை மூடி மூச்சுக்கவசத்தை வைத்தார்.

"அந்த வீட்டுலயே தமாஷாப் பேசற ஒரே ஆள் தான்தான்னு அவர் நம்பிட்டு இருக்காராம் சார். அதைக் கேட்டுச் சிரிச்சதுலதான் எனக்குப் பல்லே கழண்டு வந்துச்சு!"