வேர்வை முதலாளியின் கோழி ஷெட்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் வேர்வை முதலாளியைப் போல வேர்த்தவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. தொண்ணூறுகளில் பல்லடம் பக்கம் அவருடைய கறிக்கோழி ஷெட்டில் தண்ணீர் வைக்கும் வேலை எனக்கு. அவர் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவார். மார்கழியிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

ஒரு மார்கழியில் புதுக்குஞ்சுகள் வந்தன. அவற்றின் சூட்டுக்காகத் தாழ்வாக பல்பு தொங்கவிட்டிருந்தோம். உள்ளே வந்த முதலாளிக்கு வேர்வை ஆறாக ஓடியது.

“எனக்கே இப்படி ஊத்துது, பச்சைக்குஞ்சு வெந்து போயிருமுங்க!” என்று பாதி பல்பை அணைத்துப்போட்டார்.

காலையில் பார்த்தால், குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூலையில் குவியலாகச் செத்துக் கிடந்தன.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “சின்ன உடம்புல சூடு நிக்காதுங்க. பெரிய உடம்புல இருந்து சூடு லேசுல வெளிய போகாதுங்க. உங்க வேர்வைய நம்பாதீங்க.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அப்போதும் ஈர்க்குச்சிதான்.

“குஞ்சுக்கு இனி நீங்கதான் அளவு, அம்மணி. பெருங்கோழிக்கு நானு.”

மாசிப் பனியில் அடுத்த பேட்ச் வந்ததும், குஞ்சுகளுக்கு நடுவே முக்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்.

“குளுருதுங்களா?”

வெட்கத்தில் “இல்லீங்க” என்பேன். பல் தந்தியடிக்கும்.

“வாய் பொய் சொல்லுது, பல்லு நெசஞ் சொல்லுது” என்று பல்பை இன்னும் இறக்குவார். போர்வை கேட்டால், “ஐயோ, அளவு கெட்டுப்போயிருமுங்க!”

நான் நடுங்கினேன், குஞ்சுகள் பிழைத்தன.

சித்திரையில் அவை கொழுத்து நின்றன. மறுநாள் லாரி வர வேண்டும். இதுவும் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான் என்று அவர் வீட்டம்மா சொல்லியிருந்தார். உச்சி வேளையில் கரண்ட் போய் ஃபேன் எல்லாம் நின்றது. கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தன. சாக்கை நனைத்துக் கட்டினோம், தண்ணீர் தெளித்தோம். கொழுத்தவைதான் முதலில் சாய்ந்தன.

“எனக்கு அத்தனை வெக்கையாத் தெரியலீங்களே, முதலாளி” என்றேன், ஆறுதலுக்கு.

“உங்களுக்குத் தெரியாதுங்க, அம்மணி. நாங்க பெருத்த உடம்புங்க.”

சட்டையைக் கழற்றிவிட்டு நடுவில் உட்கார்ந்து, முறத்தால் கோழிகளுக்கு விசிறினார். வீட்டம்மா கதவருகே நின்று கத்தினார்: “ஏனுங்க, வெளிய வாங்க! நீங்களும் உளுந்து தொலைக்கப் போறீங்க!”

“அதுக இங்க கெடக்கறப்போ நான் மட்டும் எப்படி வாரது?”

லாரி வந்து வெறுமனே திரும்பிப் போனது. ஷெட்டும் அதோடு மூடியது.

அது சித்திரைதானா, பங்குனிக் கடைசியா என்று எனக்குச் சந்தேகம். பல்லடத்துக்காரர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். கடைசிக் கோழி சாயும்வரை அவர் வெளியே வரவில்லை என்பதை மட்டும் திருத்தாதீர்கள்.