பதிவேட்டில் பிறந்த இரட்டையர்

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவரில் ஒருவன் என்னை யாரென்றே தெரியாமல் சுகமாக இருக்கிறான். கடிதம் அதைப் பற்றித்தான். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படிக்கத் தொடங்கும்வரையாவது.

பகல் ஒன்றரை மணி. காப்பகத்தின் ஒரே அறையில் பத்தொன்பது பிள்ளைகள் பாயில் தூங்குகிறார்கள். சன்னலோரம் நாலாவதாகக் காலைப் பரப்பிக் கிடப்பவன் உங்கள் மருமகன், எங்கள் ஜமீன். மூன்றரை வயதில் உத்தரவு போடுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாததால் வந்த பெயர்.

அவன் அங்கே எப்படி என்று கேட்பீர்கள். இந்த வேலையை நீங்கள் வாங்கிக் கொடுத்த அன்று ஒன்பதாம் விதியை நீங்களேதான் படித்துக் காட்டினீர்கள். பணியாளர் தம் சொந்தக் குழந்தையைக் காப்பகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கவனம் சிதறுமாம். ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம். தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் வேலை போய்விடும். இரண்டு முறை படித்தோம். இரண்டு முறையும் அப்படித்தான் இருந்தது. "பையனை எங்கம்மா விடுவே? ஸ்கூல் போற வரைக்கும் எங்களோட இருக்கட்டுமே, உங்க அண்ணி பார்த்துக்குவா," என்றீர்கள். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "பெத்தவளுக்கு வளர்க்கத் தெரியாதா?" என்றேன். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. அந்த வாக்கியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள இடமிருந்தால் இன்றே வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் அவனை உங்கள் மாப்பிள்ளையோடு செங்கல் சூளைக்கு அனுப்பினேன். அடுக்கிய கல்லின் நிழலில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில், பால் ஆறிப்போயிற்று என்று என்னை ஒரு சொல் சொன்னான். "எங்கேடா கத்துக்கிட்டே?" என்றேன். "லாரி மாமா லாரியைச் சொன்னாரு," என்றான். உங்கள் மாப்பிள்ளை குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. அதன்பின் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒரு வாரம் வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "கோவிச்சுக்காதேம்மா. வர்ற ஆளையெல்லாம் வரிசையில நிக்கச் சொல்றான். பிந்தி வந்தா நாளைக்கு வான்னு அனுப்பிடறான். எனக்கு வியாபாரம் ஆகணுமில்ல?"

பக்கத்து வீட்டுத் தையலக்காதான் அப்போது வழி சொன்னாள். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

"பதிவேட்டுல எனக்கு ஒண்ணுக்கு ரெண்டா எழுதிக்கோடி. என் மக ஊசிக்கும் உன் ஜமீனுக்கும் ஒரே வயசு. ரெட்டைன்னு போட்டுடு."

"ரெட்டையா? அவ உன் நிறம். இவன் எங்க வீட்டு மூக்கு."

"ஒண்ணு அம்மா ஜாடை, ஒண்ணு அப்பா ஜாடை. யாரு வந்து உரிச்சுப் பார்க்கப் போறா?"

எழுதினேன் அண்ணா. இந்தக் கையால்தான். தாயார் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். பிறப்புச் சான்று பிறகு தரப்படும். பிறகு என்பது பெரிய இடம், எதையும் அங்கே வைக்கலாம். ஊருக்கெல்லாம் தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. நான் போனால் காப்பகத்துக்குப் பூட்டுதான் என்பதும் ஊருக்குத் தெரியும். தெரியாதவர் ஒருவரே, மாதம் ஒருமுறை கறுப்புப் பையோடு வருகிற மேற்பார்வையாளர் அம்மா. அவர் காதில் விழாமல் இருக்க வேண்டுமே. ஜமீனை உட்காரவைத்துச் சொன்னேன்: "அங்க நான் டீச்சர். அம்மான்னு கூப்பிட்டே, அந்தப் பை அம்மா என் வேலையைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க." மூன்று நாள் ஒத்திகை. நான் யாரு? டீச்சர். இன்னொரு தடவை? டீச்சர். சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். நாலே பிஸ்கட்டில் கற்றுக்கொண்டான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எந்த வீட்டில் வளரும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். எடைக் கருவியைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்று எழுதினார். பிறகு பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, என்னைக் காட்டி, "இவங்க யாரு, சொல்லுங்க பார்க்கலாம்?" என்றார். பதினெட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் "அம்மா!" என்றார்கள். பகலெல்லாம் மூக்குத் துடைத்துவிடுகிறவளை அந்த வயதில் வேறென்ன சொல்லும்? ஊசிகூட அம்மா என்றாள். அவள் அம்மா இரண்டு தெரு தள்ளித் தைத்துக்கொண்டிருக்கிறாள். அறை அடங்கிய பிறகு ஒரே ஒரு குரல், தெளிவாக, எட்ட உட்கார்ந்து: "டீச்சர்."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இந்தப் பையன் மட்டும் உங்ககிட்ட ஒட்டலையே. ஏன்?" என்றார். பக்கத்திலிருந்த பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்தா அந்த மனிதர் வரவேண்டும்? தையலக்காவின் வீட்டுக்காரர். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். ஆறு மாதமாக வெளியூர். அன்று காலைதான் வந்திருக்கிறார், மகளைப் பார்க்கும் ஆசையில் நேராக இங்கே வந்துவிட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஊசி "அப்பா!" என்று காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஓ, ரெட்டைப் பிள்ளைங்களோட அப்பாவா?" என்றார் மேற்பார்வையாளர். "உங்க பையனைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

"எந்தப் பையன்?"

"உங்க பையன்தாங்க."

அவர் ஜமீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலை மடக்கி எதையோ எண்ணத் தொடங்கினார். வேலை போயிற்று என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். ஜமீன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த ஆளை அவன் பார்த்தே ஆறு மாதம். நேராகப் போய் அவர் சுண்டுவிரலைப் பிடித்தான். "அப்பா, வீட்டுக்குப் போலாம்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை அண்ணா. இதற்கு பிஸ்கட்டே கிடையாது.

கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவரைப்போல அவர் போனார். சற்று நேரத்தில் தையலக்கா வீட்டிலிருந்து வந்த சத்தம் தெருமுனைவரை கேட்டதாம். "நான் ஊர்ல இல்லாதது ஆறு மாசம்டி! அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பையன் எப்படி என் பையனானான்?" அவரைச் சமாதானப்படுத்த அக்காவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது அவரும் வாயைத் திறப்பதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்துபோகிறார்.

மேற்பார்வையாளர் எழுதிவிட்டுப் போன குறிப்பைக் கேளுங்கள். 'பிள்ளைகள் பணியாளரை அம்மா என்று அழைப்பது பாராட்டுக்குரியது. இரட்டையரில் ஆண் குழந்தை மட்டும் அன்புக்கு ஏங்குவதாகத் தெரிகிறது. பணியாளர் அவனைத் தினமும் அரை மணி நேரம் மடியில் வைத்துப் பேசிப் பதிவு செய்ய வேண்டும்.' ஆக, என் பிள்ளையை நான் மடியில் வைத்துக்கொள்ள எழுத்துமூலம் உத்தரவு. பதினொன்றிலிருந்து பதினொன்றரை. முடிவெட்டும் கடையில் உட்கார்வதுபோல விறைப்பாக உட்கார்கிறான். கேட்டதற்குப் பதில் சொல்கிறான். நான் எழுதுகிறேன்: குழந்தை ஒத்துழைத்தது.

இதுவரை சிரித்திருப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். அன்றே வீட்டில், "டீச்சர், தண்ணி," என்றான். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் சாயங்காலம் தன் பையை மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு டீச்சர், அம்மா தேடுவாங்க," என்று தையலக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். அவள், "ரெட்டையில ஒண்ணைக் காணோமேன்னு பார்த்தேன்," என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பெற்ற அப்பாவை அவன் 'டீச்சர் வீட்டு மாமா' என்கிறான். அவர் வெளியே போய் சைக்கிளுக்குக் காற்றடித்தார். காற்று ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நேற்றுக் கதவைச் சாத்திவிட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

"நான் யாரு?"

"டீச்சர்."

"இது வீடுடா. வீட்ல நான் யாரு?"

டப்பாவைப் பார்த்தான். சன்னலைப் பார்த்தான். "டீச்சர்."

பிஸ்கட்டைத் தொடவில்லை. நான் கொடுக்கும்வரை கை கட்டிக்கொண்டு நின்றான். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும்.

முடிவு செய்துவிட்டேன் அண்ணா. வேலையை விட வழியில்லை. மழை இறங்கிவிட்டால் சூளை கிடையாது, அந்த நாலு மாதமும் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். ஆகவே வருகிற மாதம் முதல் சனிக்கிழமை நீங்கள் வந்து இவனைக் கூட்டிப்போங்கள். அங்கே அத்தையை அத்தை என்றே கூப்பிடலாம். உறவும் அதுதான், உண்மையும் அதுதான். இங்கே என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே சொல் பொய். அதையும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கடிதத்தை உரக்கப் படிக்க வேண்டாம், அவர் சிரித்தாலும் அழுதாலும் எனக்குக் கஷ்டம். உங்கள் இருவரின் ஆசியும் எனக்கு வேண்டும். அவனுக்கும்.

இப்படிக்கு,
உடன்பிறந்தவள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜமீன் எழுந்துவிட்டான். மற்றவர்கள் தூக்கம். என்னிடம் நேராக வரவில்லை. அலமாரிக்குப் பின்னால் பார்த்தான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக:

"பை அம்மா போயாச்சா?"

"அவங்க போய் ரெண்டு வாரமாச்சேடா."

"ஊசியோட அம்மா சொன்னாங்க. இனிமே சொல்லாம கொள்ளாம வீட்டுக்கே வருவாங்களாம். ஒளிஞ்சு நின்னு கேப்பாங்களாம்."

ஊசியோட அம்மா. அவளை வெறும் அம்மா என்று சொல்லவில்லை.

"இப்ப யாரும் இல்ல," என்றேன். "என் காதுல மட்டும் சொல்லு. நான் யாரு?"

என் காதருகே வாயைக் கொண்டுவந்தான். மூச்சு சூடாக இருந்தது. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"வேணாம். வேலை போயிடும். மழை வந்தா அப்பாவுக்கும் வேலை இல்லல்ல?"

அண்ணா, சனிக்கிழமை வர வேண்டாம். இவனை நான் யாரிடமும் தருவதாக இல்லை. இந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றும் பார்க்கிறேன். இவன் விடமாட்டான் போலிருக்கிறது.