கிளை பிடித்து நின்றவர்களின் சாலை

மலைக்கும் கடலுக்கும் நடுவே, வரைபடம் எழுதியவர்கள் மை தீர்ந்து விட்டுவிட்ட இடத்தில், வெண்குடை நாடு இருந்தது. அதன் ராஜபாட்டையில் இருபுறமும் மரங்கள். அந்த நிழலில்தான் செண்பகவடிவும் அவள் கணவன் மாடக்கண்ணுவும் பானை வண்டி இழுத்துப் பிழைத்தார்கள்.

மன்னரின் திருவுருவப் பலகைகளைக் கிளைகள் மறைப்பதாகச் சாலைத்துறை அமைச்சர் கண்டுபிடித்தார். அவர் ஆணைப்படி மரங்கள் வெட்டப்பட்டன. வெயில் தாங்கவில்லை என்று மக்கள் முறையிட்டபோது அமைச்சர் அடுத்த ஆணையை வாசித்தார்: "மன்னரின் ஆட்சியே குளிர்நிழல். அதன்கீழ் நின்றுகொண்டு வியர்ப்பது ராஜத்துரோகம்."

அந்தக் கோடையில் மாடக்கண்ணு நடுவழியில் சுருண்டு விழுந்தான். எழவேயில்லை. வியர்த்த குற்றத்துக்காக அவன் உடலை விசாரித்த பிறகே அடக்கம் செய்ய விட்டார்கள்.

பிறகு அண்டை நாட்டு அரசி வருவதாகச் சேதி வந்தது. மரச்சாலையைப் பார்க்கத்தான் வருகிறாளாம். உடனே மூன்றாம் ஆணை: வீட்டுக்கு ஒருவர் ஆளுயரக் கிளையோடு சாலையோரம் அசையாமல் நிற்க வேண்டும்.

செண்பகவடிவு, நட்டால் துளிர்க்கும் பூவரசம் போத்து ஒன்றை வெட்டி வந்தாள். கணவன் விழுந்த இடத்துக்கு நேரே, சாலையோரத்தில் நின்றாள். மறுகையில் கடப்பாரை.

"இது எதுக்கு?" என்றார் காவலர்.

"மரம்னா மண்ணுல நிக்கணும்ல ஐயா. கையில நின்னா அது வெறகு."

தடுக்கச் சொல்லிக் காவலருக்கு ஆணை ஏதும் இல்லை. அவள் குழி தோண்டி நட்டாள். பக்கத்தில் நின்றவர் கடப்பாரையைக் கேட்டு வாங்கினார். அவருக்கு அடுத்தவரும் வாங்கினார். அரசி வருவதற்குள் சாலை நெடுக எல்லாக் கிளைகளும் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. அரசி வந்தாள், பார்த்தாள், போனாள்.

"விழா முடிந்தது. கிளைகளை அகற்றுங்கள்," என்றார் அமைச்சர்.

"நிக்கச் சொன்னது நீங்கதான," என்றாள் செண்பகவடிவு. "இப்ப போகச் சொல்லி மரத்துக்கே ஆணை போடுங்க. கேட்டா போகட்டும்."

யாரும் பிடுங்கவில்லை. பிடுங்க வந்த ஆட்களும் தங்கள் வீட்டுக் கிளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சில மழைக்காலங்கள் போயின. கிளைகள் வேர்விட்டு மரமாகி, சாலை மறுபடி குளிர்ந்தது. 'மன்னர் அருளிய பசுஞ்சாலை' என்று கல்வெட்டுச் செதுக்கி எடுத்து வந்தார் அமைச்சர். நன்றியுரை சொல்லச் செண்பகவடிவை அழைத்தார்.

"சொல்லிட்டாப் போச்சு. மன்னர் நட்ட மரம் எதுன்னு காட்டுங்க, அதுக்கிட்டயே போய்ச் சொல்றேன்."

அமைச்சர் சாலையைப் பார்த்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் அதை நட்டவர் நிமிர்ந்து நின்றிருந்தார். கல்லை ஊன்ற ஓரிடமும் இல்லை. கடைசியில் அதை அரண்மனை முற்றத்திலேயே நட்டார்கள்.

அங்கே இன்னும் நல்ல வெயில்.