ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் ஸ்டெப்ஸ்

சோமனூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை தம்பிதுரை அவர்களுக்கு,

தனபால் எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அக்கா, நான், பையன் மிதுன் மூவரும் சுகம். அன்னூரில் தங்கச்சியும் உங்கள் மகள் பூஜிதாவும் சுகமா என்று நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. விடிந்தால் சொந்தக்காரர் குரூப்பில் ஃபோட்டோ போட்டுவிடுகிறீர்கள். அந்தக் குரூப்பை விட்டு நான் போன வாரம் வெளியேறிவிட்டதால்தான் இது தபாலில் வருகிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. குளத்துக்கரையில் ஓடும் பூஜிதா, கபடியில் கோப்பை வாங்கிய பூஜிதா, மழையில் சைக்கிள் மிதிக்கும் பூஜிதா, எல்லாவற்றுக்கும் கீழே பன்னிரண்டாயிரம் ஸ்டெப்ஸ். உங்க அக்கா ஃபோனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "என் தம்பி புள்ளைய எப்படி வளத்தீருக்கான் பாருங்க"ன்னு சொல்றப்ப எனக்குச் சோறு இறங்கறதில்லீங்க. மிதுனுக்குப் பதினாலு வயசு. டாக்டரம்மா அவனை எடை போட்டுப் பாத்துட்டு, தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி ஆடணும்னு கண்டிப்பாச் சொல்லீட்டாங்க. ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன், அதுல உங்க அக்கா துணி காயப்போடறா. பேட்மிண்டன் கிளாஸ்ல சேத்தேன், அங்க பப்ஸ் நல்லா இருக்குதுன்னு தின்னுட்டு வந்தான். கொஞ்சம் நடடா கண்ணுன்னா, "நீங்க நாலு ஊடு தள்ளியிருக்கற தறிக்குடோனுக்கே வண்டிலதானுங்கப்பா போறீங்க"ங்கறான்.

கடைசியில் லீவு விட்டதும் ஸ்டெப்ஸ் எண்ணும் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டேன். முதல் நாள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. அடுத்த திங்கள் பார்த்தால் நாற்பதாயிரம். செவ்வாய் நாற்பத்திரண்டாயிரம். மணிவாரியாக வரும் படத்தோடு குரூப்பில் போட்டேன். நரசிம்மலு சித்தப்பா கைதட்டற பொம்மை ஆறு போட்டாரு. நீங்க மட்டும் ஒண்ணும் போடலை, அதுதான் எனக்கு ரொம்ப இனிச்சுது. வியாழக்கிழமை பாருங்க, காலை ஒன்பது மணிக்கு நின்ன ஸ்டெப்ஸ் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திரும்ப ஏறியிருக்குது. நான் அதைக் கவனிக்காம அப்படியே போட்டுட்டேன். உடனே நீங்க கேட்டீங்க, "ஏனுங்க மச்சான், இன்னிக்குச் சோமனூர்ல கரண்ட் ஷட்டவுனுங்களா?" நம்ம சொந்தத்துல பாதிப்பேர் விசைத்தறி ஓட்டறவங்க. அத்தனை பேருக்கும் புரிஞ்சுபோச்சு. அன்னிக்கே சென்னியம்மா, நம்ம குடோன்ல தறி ஓட்டறவங்க, மூணாம் நம்பர் தறியில முன்னும் பின்னும் ஆடற கட்டையிலிருந்து வாட்ச்சை அவுத்துக் கொண்டாந்து, "இது இங்க நடந்துட்டிருக்குதுங்க"ன்னு உங்க அக்கா முன்னாடியே குடுத்தாங்க.

இப்போது சொந்தக்காரப் பசங்கள் எல்லாம் மிதுனை "விசைத்தறி" என்று கூப்பிடுகிறார்கள். அடுத்த மாசம் பூஜிதா பெரியவளானதுக்கு வெக்கற சீருக்கு வரமாட்டேன்னு சொல்லிப்போட்டான். இந்தத் திருட்டுப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்ததோ, எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாதுங்க. நீங்க தாய்மாமன். ஒரு ஃபோன் பண்ணி நாலு வார்த்தை கண்டிச்சு வையுங்க. அப்படியே பூஜிதா ஃபோட்டோவை வாரத்துக்கு ஒண்ணாக் குறைச்சுக்கிட்டா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பூஜிதாவுக்கு என் ஆசிகள். கொஞ்சம் மெதுவாக ஓடச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
தனபால்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மிதுன் இதைப் படித்துவிட்டான். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டான். எழுதிவிடுகிறேன். வாட்ச்சைத் தறியில் கட்டியது நான்தான். அவன் இரண்டாம் நாளே கழற்றி மேசையில் போட்டுவிட்டான். "எண்ணூறுன்னா எண்ணூறுன்னே போடுங்கப்பா" என்றுதான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லோரும் சிரித்தபோதும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆகையால் கண்டிக்க வேண்டியது என்னைத்தான், அவனுக்கு ஃபோன் வேண்டாம்.

இதற்குத் தண்டனையாக இன்று, திங்கட்கிழமை காலை, என்னை ஸ்கூல் கிரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அரைச் சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவன் நாலு சுற்று ஓடினான். ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டும்போது, "எந்திரிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். மாப்பிள்ளை, இவன் என்னைத் தாண்டி ஓடியதைப் பார்த்து எரிந்ததற்கு முன்னால், பூஜிதாவைப் பார்த்து எனக்கு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நாளைக்கு அவன் எழுந்திருக்கும் முன்னாலேயே கிரவுண்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று இருக்கிறேன்.